கை ஓங்காத நாற்பது நாள்

பிப்ரவரி 18, சாம்பல் புதன்

எங்கள் அருள்நாதபுரம் சபைக்கு வந்திருக்கும் புதுப் போதகர் இந்த நோட்டைக் கொடுத்து, ஈஸ்டர் வரை தினமும் எழுத வேண்டும் என்கிறார். போதகர் என்று முறைக்கு எழுதிப் பார்க்கிறேன். வாய்க்கு வருவது ஐயர்தான், இங்கே எல்லோருக்கும் அப்படித்தான். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் 'இன்று நான் எதை வென்றேன்?' என்று அச்சடித்திருக்கிறார்கள். இன்று கோபுரத்துப் புறாக்களின் எச்சத்தை வென்றேன். ஆறு வாளித் தண்ணீர் ஆயிற்று.

ஈஸ்டருக்கு முந்தின லெந்து நாற்பது நாளும் எதை விடப்போகிறோம் என்று ஆளுக்கொரு சீட்டில் எழுதிப் பெட்டியில் போட வேண்டும். முக்கால்வாசிப் பேர் கறியை விடுவார்கள். போதகர் மனைவி சீரியலை விடுகிறாராம், ஆண்டவர் அவருக்குப் பெலன் தரட்டும். என் சீட்டை ஐயரே பக்கத்தில் நின்று எழுத வைத்தார். 'கையை ஓங்க மாட்டேன்.'

காரணம் ஜனவரியில் நடந்த சபைத் தேர்தல். எதிரணியில் நின்ற செல்வின் என்னைக் 'கசாப்புக்காரன்' என்றான். காணிக்கைப் பை மாட்டும் கம்பு கையில் இருந்தது, அவன் தலையில் போட்டேன். ஏழு தையல். கம்பு இரண்டாக உடைந்தது. வெள்ளைக்காரன் காலத்துத் தேக்கு அது. எனக்கு வருத்தம் கம்புக்காகத்தான். இன்னொரு முறை கை நீண்டால் கோயில்பிள்ளை வேலை போய்விடும் என்று ஐயர் சொல்லிவிட்டார். மணி அடிப்பது, பெருக்குவது, விளக்குப் போடுவது, கல்லறைக்குக் குழி தோண்டுவது, இவ்வளவுதான் வேலை. ஆனாலும் எனக்கு அது வேண்டும். பஸ் நிலையத்தில் கறிக்கடை வைத்திருந்தவன், கன்வென்ஷன் கூட்டத்தில் ஆண்டவர் தொட்டு மனம் திரும்பினேன் என்று சபைக்கு முன்னால் சாட்சி சொல்லி வாங்கிய வேலை. பத்து வருடம் ஆகிறது.

வீட்டில் மனைவி செல்லக்கனியிடம் இந்தப் பொருத்தனையைச் சொன்னேன். அவளுக்கு இடது காது கேட்காது, பழைய காய்ச்சலில் போனது. வலது பக்கம் போய் மறுபடி சொன்னேன்.

"நாப்பது நாளைக்கா?" என்று கேட்டுவிட்டு அரிசி புடைக்கப் போய்விட்டாள்.

பிப்ரவரி 22, ஞாயிறு

இரண்டாம் ஆராதனையில் மருமகன் ஆல்ட்ரின் பாடல் நடத்தினான். பையன் கீபோர்டில் கை வைத்தால் கிழடுகள்கூட எழுந்து நிற்கும். அவன் யூடியூப் சேனலைத் துபாயில் எல்லாம் பார்க்கிறார்களாம். "உங்க மருமகன்தானா?" என்று வெளியூர்க்காரர்கள் என்னிடம் வந்து கேட்கும்போது, விளக்குமாற்றைப் பின்னால் மறைத்துக்கொண்டு ஆமாம் என்பேன். பெருமைதான், இல்லை என்று ஏன் சொல்ல வேண்டும்.

ஹெப்சிபா பெண்கள் பக்கம் கடைசி பெஞ்சில் இருந்தாள். என் ஒரே மகள். கல்யாணமாகி இரண்டு வருடம். இந்த வெயிலில் துப்பட்டாவைக் கழுத்தைச் சுற்றி இறுக்கிக் கட்டியிருந்தாள். கேட்டதற்கு, ஏசிக் காற்றில் தொண்டை கட்டிக்கொண்டது என்றாள். அவள் வீட்டில் ஏசி இருக்கிறது என்பது எனக்கு இன்றுதான் தெரியும்.

பிப்ரவரி 25

மணிக்கயிறு மாற்றினேன். கோபம் வரவில்லை.

மார்ச் 3, செவ்வாய்

காலையில் குத்துவிளக்குக்குப் புளி போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தேன். ஹெப்சி மினிபஸ்ஸில் வந்து இறங்கினாள். ஒரு காலில்தான் செருப்பு இருந்தது. வலது கையை இடது கையால் தாங்கிக்கொண்டு வந்தாள். மணிக்கட்டு போகக்கூடாத பக்கம் திரும்பியிருந்தது. கறி வெட்டினவனுக்கு எலும்பு விட்டிருப்பது பார்த்தவுடன் தெரியும்.

"என்னட்டி இது?"

"அவுக வீட்டுல இருந்து லைவ்ல ஜெபம் பண்ணிக்கிட்டிருந்தாக. குக்கர் விசில் அடிச்சிட்டு."

"அதுக்கு?"

"அதுக்குத்தான்."

லைவ் முடியும் வரை ஆல்ட்ரின் சிரித்த முகமாகவே இருந்தானாம். மூவாயிரம் பேருக்கு ஆசீர்வாதம் சொல்லி முடித்து, போனை அணைத்து, சமையலறைக்கு வந்து, அவள் கையைக் கதவிடுக்கில் வைத்துக் கதவைச் சாத்தினானாம். அவள் இதைச் சொல்லும்போது அழவில்லை. நான் புளித் தண்ணீர்ப் பாத்திரத்தை எட்டி உதைத்தேன். பாத்திரத்தை உதைப்பது பொருத்தனையில் வராது.

டவுன் ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டார்கள். எப்படி ஆயிற்று என்று டாக்டர் கேட்டார். வழுக்கி விழுந்தேன் என்றாள். டாக்டர் என்னைப் பார்த்தார். நானும் தலையாட்டினேன்.

மார்ச் 5

ஐயர் வீட்டுக்கு வந்தார். ஆல்ட்ரின் அவரிடம் போய் அழுதானாம். பிசாசு தன்னைச் சோதித்துவிட்டது என்றானாம். பிசாசுக்குக் கதவு சாத்தத் தெரியும் என்பது எனக்குப் புதுச் செய்தி.

"துரைப்பழம், இது குடும்பம். ஈஸ்டருக்குத் திருமண்டலத்துல இருந்து பெரியவங்க வாராங்க. மொத்த நிகழ்ச்சியும் அந்தப் பையன் பொறுப்பு. நீங்களே கொண்டுபோய்ச் சமாதானமா விட்டுட்டு வந்துருங்க. சபை பேரும் இருக்கு, உங்க பேரும் இருக்கு."

என் பேர் என்றபோது அவர் கோயில் சாவிக்கொத்தைப் பார்த்தார். அது என் இடுப்பில் தொங்கிக்கொண்டிருந்தது.

மார்ச் 8, ஞாயிறு

ஆராதனை முடிந்ததும் ஹெப்சியை ஆட்டோவில் கூட்டிக்கொண்டு போய் விட்டுவிட்டு வந்தேன். ஒரு சீப்புப் பழமும் வாங்கிக்கொண்டேன். ஆல்ட்ரின் வாசலிலேயே என் காலில் விழுந்தான். "மன்னிச்சிருங்க மாமா, கோவத்துல கண்ணு தெரியல" என்று அழுதான். அழும்போதும் அவன் குரல் நன்றாகத்தான் இருந்தது. எல்லோரும் முழங்காலில் நின்று ஜெபித்தோம். ஹெப்சி கட்டுப் போட்ட கையை நெஞ்சோடு வைத்துக்கொண்டு என்னையே பார்த்தாள். நான் கண்ணை மூடிக்கொண்டேன், ஜெபத்தில் மூடத்தானே வேண்டும்.

செல்லக்கனி கூட வரவில்லை. புறப்படும்போது, "பிள்ளைய விட்டுட்டு இந்த வீட்டுக்குள்ள வராதீங்க" என்றாள். இருபத்தாறு வருடத்தில் அவள் என்னிடம் இப்படிப் பேசியதில்லை. என் கை பாதி வழி மேலே போனது. அவள் நகரவில்லை, கண்ணை மட்டும் மூடிக்கொண்டாள். கையை இறக்கிவிட்டேன். நோட்டின் கேள்விக்கு இன்று நல்ல பதில் இருக்கிறது. வென்றேன்.

மார்ச் 12

ஒட்டடை அடித்தேன். பீடத்து விரிப்பைத் துவைத்துக் காயப்போட்டேன். செல்லக்கனி சோறு போடுகிறாள், பேசுவதில்லை.

மார்ச் 15, ஞாயிறு

ஹெப்சி கோயிலுக்கு வரவில்லை. காய்ச்சல் என்றான் ஆல்ட்ரின். நான் எதுவும் கேட்கவில்லை.

மார்ச் 20, வெள்ளி

மத்தியானம் ஹெப்சியின் பக்கத்து வீட்டுக்காரி ஆட்டோவில் அவளைக் கொண்டுவந்து இறக்கினாள். ஹெப்சியால் நிமிர முடியவில்லை. விலா எலும்பு இரண்டு போயிருக்கிறது. செல்லக்கனி அவளைக் குப்புறப் படுக்கவைத்து ஜாக்கெட்டைக் கத்தரியால் வெட்டி எடுத்தாள். துணியோடு தோலும் வந்தது. முதுகில் இஸ்திரிப் பெட்டியின் அச்சு. கூரான முனை, அகலமான அடி, ஆவி வரும் சின்னச் சின்ன ஓட்டைகள்கூட எண்ணுகிற மாதிரி இருந்தன.

ஆல்ட்ரினின் ஜிப்பாவில் மடிப்பு சரியாக விழவில்லையாம். கட்டுப் போட்ட கையோடு அவள்தான் தேய்த்திருக்கிறாள்.

இருபது வருடத்தில் எத்தனை ஆட்டின் தோலை உரித்திருப்பேன். இன்று கொல்லைப்புறம் போய் வாந்தி எடுத்தேன்.

நான்தான் கொண்டுபோய் விட்டேன். பழம் வாங்கிக் கொடுத்து விட்டுவிட்டு வந்தேன்.

ஆஸ்பத்திரியில் இந்த முறை ஹெப்சி உண்மையைச் சொன்னாள். காகிதத்தில் எழுதி முத்திரை வைத்துக் கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்ததும் பரணிலிருந்து கறிக்கத்தியை இறக்கினேன். துணியில் சுற்றி எண்ணெய் தடவி வைத்திருந்ததால் துரு ஏறவில்லை. சாணைக்கல்லில் இரண்டு பக்கமும் தீட்டினேன். செல்லக்கனி பார்த்துவிட்டு ஹெப்சியிடம் போய்விட்டாள்.

மார்ச் 21

இன்று எழுத ஒன்றுமில்லை.

மார்ச் 22, ஞாயிறு

நேற்று எழுத இருந்தது. எழுதத் தைரியம் இல்லை. எழுதிவிடுகிறேன்.

நேற்று நாலு மணிக்குப் பாடகர் குழு ஒத்திகை. கோயில் திறந்துவிடுவது என் வேலை. கத்தி துணிப்பையில் இருந்தது, பை தோளில் இருந்தது. ஆல்ட்ரின் கீபோர்டு முன்னால் உட்கார்ந்திருந்தான். சுற்றிலும் பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள். நான் பக்கத்தில் போய், "எம் மவ முதுகுல என்னடே இருக்கு?" என்றேன்.

அவன் எழுந்திருக்கக்கூட இல்லை. மைக்கைக் கையால் மூடிக்கொண்டு மெதுவாகச் சொன்னான்:

"உங்க வீட்டுல பழகின சமாச்சாரம்தான மாமா. அத்தைக்கு காது காய்ச்சல்லயா போச்சு?"

மைக் சரியாக மூடப்படவில்லை. கடைசி வார்த்தைகள் கோயில் முழுக்கக் கேட்டன. பிள்ளைகள் என்னைப் பார்த்தார்கள்.

அவன் பிடரியைப் பிடித்து முகத்தைக் கீபோர்டில் அடித்தேன். எல்லாக் கட்டைகளும் ஒரே நேரத்தில் ஸ்பீக்கரில் அலறின. தூக்கி இன்னொரு முறை அடித்தேன். அதற்கும் அலறின. மூக்கு உடைந்த சத்தம் அந்த அலறலில் கேட்கவில்லை, என் கைக்குத்தான் தெரிந்தது. வெள்ளைக் கட்டையெல்லாம் ரத்தம். மூன்றாவது முறைக்குத் தூக்கும்போது நாலு பேர் என்னை இழுத்துவிட்டார்கள். அந்த இழுப்பில் பை கீழே விழுந்து கத்தியின் பிடி வெளியே தெரிந்தது. கத்தியைப் பையிலிருந்து எடுக்கவில்லை. எடுக்க நேரம் கிடைக்கவில்லை என்பதுதான் உண்மை. நான் ஏதோ அடக்கிக்கொண்டதாக இந்த நோட்டில் எழுதமாட்டேன்.

ஒரு பெண் இதையெல்லாம் போனில் பிடித்துவிட்டாள். ஐயர் இன்று காலை ஆள் அனுப்பிச் சாவிக்கொத்தை வாங்கிக்கொண்டார்.

மார்ச் 24

ஊர் முழுக்க என் வீடியோதான். ஆல்ட்ரின் மூக்கில் பிளாஸ்திரியோடு சேனலில் வந்து, என்னை அடித்தவரை நான் நேசிக்கிறேன் என்று பேசியிருக்கிறான். அதற்குக் கீழே ஆயிரக்கணக்கில் ஆமென் போட்டிருக்கிறார்கள். என்னைக் கொலைகாரன் என்று ஒரு கூட்டம் எழுதியிருக்கிறது. அதில் தப்பு ஒன்றுமில்லை.

ஹெப்சி எனக்கு நன்றி சொல்வாள் என்று நினைத்திருந்தேன். படுக்கையில் ஒருக்களித்துப் படுத்துக்கொண்டு அவள் சொன்னது இது:

"திங்கக்கிழமை ஸ்டேசனுக்குப் போலாம்னு இருந்தேம்ப்பா. காயிதம் எல்லாம் கையில இருந்துது. இப்ப யார்ட்ட போயி என்ன சொல்ல? உங்க வீடியோதான் எல்லாருக்கும் தெரியுது. எம் முதுக யாரு பாத்தா?"

"உனக்காகத்தானம்மா அடிச்சேன்."

"எனக்காவ அடிக்கல. உங்கள சொன்னதுக்குத்தான் அடிச்சிய."

நான் எழுந்து போகப் பார்த்தேன். அவள் விடவில்லை.

"சின்னப்பிள்ளையில நீங்க அம்மாவ அடிக்கும்போது கட்டிலுக்கு அடியில கிடப்பேன். அத இவுகட்டச் சொன்னேன். கட்டின புருசன்னு நம்பித்தான் சொன்னேன். கேட்டுட்டு எனக்காவ அழுதாக. அதுக்கப்புறம் ஒவ்வொரு அடிக்கும் அதையேதான் சொல்லுதாக. ஒங்க அம்மா வாங்கலியா, நீ வாங்கினா என்னன்னு."

செல்லக்கனி வாசல்படியில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். வலது காது எங்கள் பக்கம்தான் இருந்தது.

மார்ச் 29, குருத்தோலை ஞாயிறு

பவனியில் கடைசியில் நடந்தேன். யாரும் பக்கத்தில் வரவில்லை. புதுக் கோயில்பிள்ளை மணியைத் தகரத்தைத் தட்டுவது போல அடிக்கிறான்.

திரும்பும்போது கல்லறைத் தோட்டத்துச் சுவரோரம் ஆல்ட்ரினின் அண்ணனும் தம்பியும் நின்றார்கள். ஆளுக்கொரு பனைமட்டை. மட்டையின் இரண்டு ஓரமும் ரம்பம் மாதிரி இருக்கும், பட்ட இடத்தில் கிழித்துக்கொண்டே போகும். முதல் அடி தோளில் விழுந்தது, அடுத்தது வாயில். கீழே விழுந்தபின் காலால் உதைத்தார்கள். தம்பிக்காரன் பலவான் இல்லை, அவனை என்னால் ஒரு கையால் மடக்கியிருக்க முடியும். கையை ஓங்கவில்லை. பொருத்தனைக்காக அல்ல, அது எப்போதோ உடைந்துவிட்டது. அடி விழுந்துகொண்டிருக்கும்போது ஒன்று தோன்றியது, அதில் கை மறந்துபோனது. நான் அடிக்கும்போது செல்லக்கனி எங்கே பார்த்துக்கொண்டிருப்பாள்? இத்தனை வருடத்தில் அதை நான் யோசித்ததே இல்லை. நான் அப்போது சுவரில் ஊர்ந்த ஒரு மரவட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அது மேலே போய்ச் சேருமா என்று மட்டும் பார்த்தேன்.

பல் இரண்டு போயிற்று. செல்லக்கனி வெந்நீரில் துணி முக்கித் துடைத்துவிட்டாள். கை மெதுவாகத்தான் இருந்தது. எனக்குத் தாங்க முடியாமல் அழுகை வந்தது. அவள் அழவில்லை.

ஏப்ரல் 3, பெரிய வெள்ளி

மூன்று மணி நேரம் நடக்கும் மும்மணி ஆராதனை முடிந்த கையோடு ஐயர் வந்தார். நாளைக்கு ஆயத்த ஆராதனை. ஈஸ்டர் நற்கருணை வாங்குகிறவர்கள் முந்தின நாள் சாயங்காலம் வந்து, யாரோடு மனஸ்தாபமோ அவரோடு ஒப்புரவாக வேண்டும். எங்கள் சபையில் நூறு வருடத்துக்கு மேலாக உள்ள வழக்கம். ஐயர் எல்லாவற்றையும் வகுத்து வைத்திருக்கிறார். நான் சபைக்கு முன் ஆல்ட்ரினிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். அவன் என் கையைப் பிடித்து மன்னிப்பான். ஹெப்சி அங்கிருந்தே அவனோடு வீட்டுக்குப் போக வேண்டும். போனால் அவன் என் மேல் போலீசில் புகார் கொடுக்க மாட்டான், வேலையும் திரும்பக் கிடைக்கும்.

"இல்லேன்னா கொலை முயற்சின்னு எழுதுவாங்க துரைப்பழம். வீடியோ இருக்கு. பைக்குள்ள கத்தி இருந்ததும் எல்லாருக்கும் தெரியும்."

அவர் போனபின் ஹெப்சி சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து வந்தாள்.

"நான் போயிருதேம்ப்பா."

"என்னத்துக்கு?"

"நீங்க செயிலுக்குப் போவக்கூடாது. அம்மா தனியா என்ன செய்வா? ஈஸ்டருக்கு அவுகளுக்கு வேல இருக்கு, ரெண்டு மூணு நாளு சும்மா இருப்பாக."

இரண்டு மூன்று நாள் சும்மா இருப்பானாம். என் மகளுக்கு அதுவே பெரிதாகிவிட்டது. இந்த முறை போனால் திரும்பி வரமாட்டாள், யாராவது கொண்டுவந்து கிடத்துவார்கள். குழியை நான்தான் வெட்டுவேன். எனக்கு இது அப்பட்டமாகத் தெரிகிறது.

ஏப்ரல் 4, சனி

ஐந்து மணிக்கு ஆராதனை. கோயில் நிரம்பியிருந்தது, வேடிக்கை பார்க்கத்தான். ஆல்ட்ரின் வெள்ளை ஜிப்பாவில் இருந்தான், மடிப்பு இன்று கச்சிதமாக விழுந்திருந்தது. அவன் போன் மூன்று கால் ஸ்டாண்டில் நின்று பீடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. லைவ்.

முதலில் அவன் பேசினான். மாமனாரை மன்னித்துவிட்டதாகச் சொன்னான். பெண்கள் பக்கம் சேலைத் தலைப்புகள் கண்ணுக்குப் போயின. இரண்டு கையையும் என் பக்கம் நீட்டினான். ஐயர் எனக்குக் கண் காட்டினார்.

நான் அவன் கையைப் பிடிக்கவில்லை. சபையைப் பார்த்துத் திரும்பி நின்றேன். என்ன பேசினேன் என்பது வார்த்தைக்கு வார்த்தை நினைவிருக்கிறது, வாழ்க்கையில் இதுவரை இவ்வளவு பயந்து பேசியதில்லை.

"மருமவன் மூக்க உடச்சது தப்பு. அதுக்கு என்ன தண்டனையோ வாங்கிக்கிடுதேன். ஆனா அது பதினாலு நாளு முன்னால செஞ்ச பாவம். எங்கிட்ட பதினோரு வருசத்துப் பாவம் ஒண்ணு கிடக்கு. எம் பொஞ்சாதிய பதினோரு வருசம் அடிச்சேன். கையால அடிச்சேன், பெல்ட்டால அடிச்சேன், கறிக்கட தராசுக் கல்லால அடிச்சேன். அவ காது காய்ச்சல்ல போவல. நான் செவிட்டுல அறஞ்சு ரெத்தம் வந்து போச்சு. காய்ச்சல்னு எல்லார்ட்டயும் சொன்னது நாந்தான்."

"துரைப்பழம், இது இப்ப..." என்றார் ஐயர்.

"இருங்கய்யா. ஒப்புரவுன்னு நீங்கதான கூப்பிட்டிய? அப்ப இருந்த ரெண்டு ஐயர்மாருக்கும் தெரியும். ரெண்டு பேரும் செல்லக்கனியத்தான் கூப்பிட்டுப் பொறுமையா இருக்கச் சொன்னாவ. எங் கைய ஒருத்தரும் பிடிக்கல. கன்வென்ஷன்ல ஆண்டவர் தொட்டாரு, அன்னைக்கோட கோவத்த விட்டேன்னு இதே இடத்துல சாட்சி சொன்னேம்லா? பொய்யி. எம் மவ பதினஞ்சு வயசுல எங் கறிக்கத்திய எடுத்துக்கிட்டு நடுவுல வந்து நின்னா. இனி அம்மாவத் தொட்டா குத்துவேன்னா. அன்னைக்குத்தான் நிறுத்தினேன். எனக்குப் பயம் வந்துது, அவ்வளவுதான். நீங்க அந்தப் பொய்ச் சாட்சிக்குக் கைதட்டி எனக்கு மணிக்கயித்தக் குடுத்திய."

ஆல்ட்ரின் நீட்டிய கையை இன்னும் இறக்கவில்லை.

"ஒரு தடவ பழத்த வாங்கிக் குடுத்துப் பிள்ளைய இவங்கிட்ட விட்டுட்டு வந்தேன். முதுகுல இஸ்திரிப் பெட்டிய வச்சு அனுப்பினான். இனி அனுப்ப மாட்டேன். அனுப்பினா, அவ உசிரோட கிடந்தா, பதினோரு வருசம் கழிச்சு இவனும் இங்க நின்னு சாட்சி சொல்லுவான். நீங்க அதுக்கும் கை தட்டுவிய."

அப்போது பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல் வந்தது.

"பதினாறு."

செல்லக்கனி எழுந்து நின்றாள். அவள் கோயிலில் வாயைத் திறந்து யாரும் கேட்டதில்லை. ஐயர், "என்னம்மா?" என்றார்.

"பதினொண்ணு இல்ல, பதினாறு வருசம். கல்யாணம் ஆன வாரத்துல இருந்து. சொல்லுததச் சரியாச் சொல்லச் சொல்லுங்க."

சொல்லிவிட்டு உட்கார்ந்துகொண்டாள். நான் பதினொன்று என்று சொன்னது பொய் சொல்வதற்காக அல்ல. என் கணக்கில் அப்படித்தான் இருந்தது. முதல் ஐந்து வருடம் அடித்ததெல்லாம் எனக்கு அடி என்றே தோன்றவில்லை போலிருக்கிறது.

ஆல்ட்ரின், "நாம கண்களை மூடி ஜெபிப்போம்" என்றான். அதே இனிமையான குரல். பாதிப் பேர் பழக்கத்தில் கண்ணை மூடிவிட்டார்கள். பையன் ஒருவன் லைவை அணைத்தான். ஹெப்சி பெஞ்சைப் பிடித்து எழுந்து, அம்மாவின் தோளில் கை போட்டு, நடுப்பாதை வழியாக வாசலுக்கு நடந்தாள். ஆல்ட்ரினைத் தாண்டும்போது நின்றாள். அவன் ஜெபத்தை நிறுத்தாமல் ஒரு கண்ணைத் திறந்து அவளைப் பார்த்தான். அந்தப் பார்வையைப் பார்த்தவர்களில் சிலருக்காவது விஷயம் புரிந்திருக்கும்.

வெளியே செல்வின் காரைத் திருப்பி நிறுத்தியிருந்தான். நான் மண்டையை உடைத்த அதே செல்வின்தான்.

"எங்க போவணும்? வீட்டுக்கா, ஸ்டேசனுக்கா?"

"திங்கக்கிழம ஸ்டேசனுக்கு" என்றாள் ஹெப்சி.

"அப்ப திங்கக்கிழமையும் வாரேன். ஏறுங்க. ஓய், நீரு முன்னால உக்காரும். கையில கம்பு ஒண்ணும் இல்லயே?"

ஏப்ரல் 5, ஈஸ்டர்

ஆராதனைக்குப் போகவில்லை. பாட்டுச் சத்தம் வீடு வரை கேட்டது. ஆல்ட்ரின்தான் பாடினான். அவனை யாரும் நிறுத்தவில்லை.

ஏப்ரல் 6, திங்கள்

மகளிர் காவல் நிலையத்துக்குப் பத்து மணிக்குப் போனோம். இன்ஸ்பெக்டர் அம்மாவுக்கு என் மகள் வயதை விட ஐந்தாறு வயது கூட இருக்கும். ஆஸ்பத்திரிக் காகிதத்தைப் படித்தார். ஹெப்சியை உள்ளே கூட்டிக்கொண்டு போய் முதுகைப் பார்த்தார். வெளியே வரும்போது முகம் மாறியிருந்தது. ஹெப்சி இடது கையால் மூன்று பக்கம் எழுதினாள், ஒரு மணி நேரம் ஆயிற்று.

ஆல்ட்ரினும் என் மேல் புகார் கொடுத்திருக்கிறான். பக்கத்து ஸ்டேஷனிலிருந்து ஆள் வரும், எங்கும் போய்விட வேண்டாம் என்றார்கள். நான் எங்கே போகப்போகிறேன். பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன்.

எல்லாம் முடிந்தது என்று எழுந்திருக்கும்போது இன்ஸ்பெக்டர் செல்லக்கனியைப் பார்த்துக் கேட்டார்:

"நீங்க சாட்சிக் கையெழுத்துப் போட்டா போதும்மா. வேற ஏதாவது சொல்லணுமா?"

செல்லக்கனி வலது காதை அவர் பக்கம் திருப்பிக் கேட்டுக்கொண்டாள். என்னைப் பார்க்கவில்லை. பிறகு நாற்காலியை இழுத்து மேஜைக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தாள்.

"பழசையும் எழுதலாமாம்மா?"

"எழுதலாமே. யார் மேல?"

அதற்குத்தான் அவள் என் பக்கம் திரும்பினாள். கோபம் இல்லை, பயமும் இல்லை. கடையில் சாமான் பெயர் சொல்வது போல என் முழுப் பெயரைச் சொன்னாள். தகப்பன் பெயரோடு சொன்னாள்.

இன்ஸ்பெக்டர் வெள்ளைத்தாளை நகர்த்தி வைத்தார். அவர் பேனா ஹெப்சியிடம் இருந்தது. செல்லக்கனி என்னிடம் கையை நீட்டினாள். ஓடிவிடலாம் போல இருந்தது, அவள் கையைப் பிடித்து அழலாம் போலவும் இருந்தது. இரண்டையும் செய்யவில்லை. சட்டைப் பையிலிருந்த பேனாவை எடுத்துக் கொடுத்தேன்.

எழுதத் தெரியாதவள் மாதிரி இத்தனை வருடம் இருந்தவள், குனிந்து எழுத ஆரம்பித்தாள். ஐந்தாவது தாள் கேட்டு வாங்கியபோது என்னைக் கூப்பிட ஆள் வந்துவிட்டது. அவள் இன்னும் எழுதி முடிக்கவில்லை. இதைப் பக்கத்து ஸ்டேஷனில் ஏட்டிடம் பென்சில் வாங்கி எழுதுகிறேன்.